சந்துப் பிள்ளைக்கும் ஒரு தோட்டம்

சீமான் வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டம் உண்டு. தோட்டத்தில் புல்வெளி உண்டு, நிழல் உண்டு, உடன் சென்று பார்த்துக்கொள்ளத் தாதி உண்டு. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு? சந்து உண்டு, சந்தில் சாக்கடை உண்டு, சாக்கடை தரும் நோய் உண்டு. இந்த வேற்றுமையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பெண்மணியின் கதையை இன்று நாம் கூற விரும்புகிறோம். அவர் பெயர் மார்கரெட் மெக்மில்லன்.

1860இல் அமெரிக்காவில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐந்து வயதுக்குள் தந்தையையும் தங்கையையும் இழந்தார். காய்ச்சல் அவரது செவிப்புலனையும் பறித்தது. பதினான்கு வயதில்தான் அது மீண்டது. நோய் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் அவர்; பட்டு அறிந்தவர். எஞ்சிய இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு தாய் ஸ்காட்லாந்துக்கே திரும்பினார். அக்கா ரேச்சலும் தங்கை மார்கரெட்டும் அன்று தொட்டு ஓருயிர் ஈருடல்.

அக்காதான் முதலில் சமதர்மத்தின் பக்கம் வந்தார். பின்னர் தங்கையையும் அழைத்து வந்தார். 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்கள் பக்கம் நின்றனர். அந்நாளில் மார்கரெட்டைப் பேணி வந்தவர் ஒரு செல்வச் சீமாட்டி. 1892 மே நாளன்று ஹைடு பூங்காக் கூட்டத்தில் மார்கரெட் பேசினார். சீமாட்டியின் உறவு அறுந்தது. மாளிகையா, மக்களா என்ற கேள்வி வந்தபோது மார்கரெட் தயங்கவில்லை.

1893இல் சகோதரிகள் பிராட்போர்டு நகருக்குச் சென்றனர். கம்பளி ஆலைகளின் ஊர் அது. சுதந்திரத் தொழிற்கட்சி பிறந்ததும் அதே ஊரில், அதே ஆண்டில்தான். பாதி நாள் ஆலையில் உழைத்து, பாதி நாள் பள்ளியில் தூங்கி விழும் பிள்ளைகளை அங்கே கண்டார் மார்கரெட். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லாத காலம். ஆனால் பள்ளிக் குழுவுக்குப் பெண் போட்டியிடலாம். 1894இல் போட்டியிட்டார், வென்றார். பதவி நாற்காலி அழகுக்கல்லவே! மருத்துவர் ஜேம்ஸ் கெருடன் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். குளிர்காலம் முழுதும் உடையையே கழற்றாத பிள்ளைகள் இருந்தனர். பள்ளிக்குள்ளேயே குளியலறை வேண்டுமென்று வாதாடிப் பெற்றார்.

1902ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் குழுக்களையே ஒழித்தது. மார்கரெட் இலண்டனுக்கு வந்தார். ஆனால் விதைத்தது முளைத்தது. 1906இல் பள்ளி உணவுக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது; அதற்காக மன்றத்தில் குரல் கொடுத்தவர் பிராட்போர்டின் தொழிலாளர் பிரதிநிதி பிரெட் ஜோவெட். 1907இல் பள்ளி மருத்துவச் சோதனை கட்டாயமாயிற்று.

சோதனை செய்தால் போதுமா? சிகிச்சை யார் தருவது? சோப்புத் தொழிலதிபர் ஜோசப் ஃபெல்சின் பொருளுதவியோடு 1908இல் போ பகுதியிலும், 1910இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெட்போர்டிலும் மருத்துவ நிலையம் திறந்தார்.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். புண்ணுக்கு மருந்திட்டுப் பிள்ளையை அனுப்பினார்கள். சில வாரங்களில் அதே பிள்ளை, அதே புண்ணோடு திரும்பி வந்தது. ஏன்? மருந்து கொடுத்து அனுப்பியது எங்கே? அதே இருட்டறைக்கு, அதே சந்துக்கு! மருத்துவ நிலையம் ஆற்றிய புண்ணை வீதி மீண்டும் கிளறிவிட்டது.

சகோதரிகளுக்கு வழி புலப்பட்டது. 1911இல் டெட்போர்டில் ஒரு வீட்டின் கொல்லையில் சிறுமியர் இரவில் திறந்தவெளியில் உறங்க முகாம் அமைத்தனர். சிறுவர்களுக்கு இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? ஒரு தேவாலயத்தின் கல்லறை வெளியில்! உயிரோடிருக்கும் ஏழைப் பிள்ளை நல்ல காற்றை நாடி, இறந்தவர்கள் உறங்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. இலண்டன் உலகப் பேரரசின் தலைநகராக விளங்கிய காலத்தில் நடந்தது இது.

1914இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான திறந்தவெளிப் பள்ளி எழுந்தது. சுவர் சூழ்ந்த கட்டடமல்ல. ஒரு பக்கம் வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்த கொட்டகைகள். நடுவே தோட்டம். மரம், காய்கறிப் பாத்தி, மணக்கும் பச்சிலை, மணற்குழி, வளர்ப்புப் பிராணிகள். ஒரு மூலையில் கல்லும் பழைய இரும்பும் ஓட்டைப் பானையும் குவிந்த மேடு. பிள்ளை தன் விருப்பம்போல் அடுக்கி விளையாட! போர் மூண்டது. வெடிமருந்து ஆலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகள் அங்கே வளர்ந்தனர். வான்குண்டுகள் விழுந்தன; பள்ளி தொடர்ந்தது. 1917இல், தம் பிறந்த நாளன்றே, ரேச்சல் மறைந்தார். மார்கரெட் அழுதார், ஆனால் தோட்டத்தை விடவில்லை. பள்ளிக்கு அக்காவின் பெயரைச் சூட்டினார்.

ஊராட்சிகள் இத்தகைய பள்ளிகளை அமைக்கலாமென 1918இல் சட்டம் இடமளித்தது. சிக்கனம் என்று சொல்லி ஆட்சியாளர் கைவிரித்தனர். சிக்கனத்தின் கத்தி முதலில் விழுவது எப்போதும் ஏழைப் பிள்ளையின் மீதுதானே! பிற்காலத்தில் மார்கரெட் தம் பழைய கட்சியிலிருந்து விலகி, எதிரணிச் சீமாட்டியான ஆஸ்டரின் துணையையும் ஏற்றார். அதை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அவர் ஒருபோதும் விலகவில்லை. 1931இல் கண்மூடினார்.

அவர் முதல் தலைவராக இருந்த மழலைப் பள்ளிச் சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர் ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி. நடக்க இயலாத பிள்ளையும், பிறர் ஒதுக்கும் பிள்ளையும் ஏறி இறங்கி மண்ணில் புரள, 1970இல் செல்சியில் தனி விளையாட்டுத் திடல் கண்டவர் அவர். சந்துப் பிள்ளைக்குத் திறந்த கதவு இன்னும் அகலமாயிற்று. 1989இல் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை, விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றே எழுதியது. டெட்போர்டுப் பள்ளியோ 2014இல் நூறாண்டு கண்டது.

தோழர்களே! நகரங்கள் விரிகின்றன, பிள்ளைகளின் திடல் சுருங்குகிறது. காலி மனை கண்டால் கட்டடம் எழுப்ப ஆயிரம் பேர் வருகிறார்கள். அங்கே ஒரு மரம், ஒரு மணற்குழி, கைவண்டியில் வரும் பிள்ளையும் நுழையத்தக்க ஒரு வாயில் வேண்டுமென்று கேட்க யார் வருகிறார்? 1894இல் ஒரு பெண் நகரத்துப் பள்ளிக் குழுவின் நாற்காலியில் அமர்ந்து அந்தக் கேள்வியைத் தொடங்கினார். நகராட்சி மன்றங்களில் இன்றும் நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் அமர்வோர் கேட்கட்டும்; அமர்த்துவோர் கேட்க வைக்கட்டும்.