போலி எழுத்தால் புற்றுநோயை எதிர்த்த ஜெர்ட்ரூட் எலியன்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டறிந்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான அமெரிக்க வேதியியலாளர் ஜெர்ட்ரூட் எலியனின் பிறந்த நாள் ஜனவரி 23.

நியூயார்க்கில் 1918-ஆம் ஆண்டு, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பல் மருத்துவரின் மகளாகப் பிறந்தார் எலியன். 15 வயதில், தாம் மிகவும் நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டார். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதி அப்போது பிறந்தது. 1929-ஆம் ஆண்டு பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை செல்வத்தை இழந்திருந்ததால், கட்டணமில்லாத ஹன்டர் கல்லூரியில் பயின்று 1937-இல் வேதியியல் பட்டம் பெற்றார்.

மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்த 15 கல்வி நிறுவனங்களும் மறுத்துவிட்டன. பெண் என்பதால் ஆய்வகப் பணியும் எளிதில் கிட்டவில்லை. ஊதியமின்றி ஆய்வக உதவியாளராக இருந்தார். பள்ளியில் பாடம் நடத்தினார். உணவு நிறுவனம் ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதித்தார். 1941-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், அவரை மணக்கவிருந்தவர் இதயத் தொற்றால் உயிரிழந்தார். அதன்பின் எலியன் மணம் புரியவில்லை.

இரண்டாம் உலகப் போரால் ஆய்வகங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1944-இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளராக எலியன் சேர்ந்தார். மாலை நேர வகுப்பில் முனைவர் பட்டத்துக்கும் பயின்றார். வேலையை விட்டு முழுநேரம் படிக்க வேண்டும் எனக் கல்லூரி வலியுறுத்தியபோது, பட்டத்தைத் துறந்து ஆய்வைத் தேர்ந்தார்.

உயிரணு பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்க அடினின், குவானின் போன்ற காரங்கள் தேவை. இவை மரபுச் செய்தியின் எழுத்துகள். அவற்றைப் போலத் தோற்றமளிக்கும் செயற்கைக் காரங்களை உருவாக்கினால், வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் ஏமாந்து அவற்றை ஏற்கும். படியெடுப்பு தடைபடும் என்பதே இருவரின் கருத்து. பியூரின் மூலக்கூற்றில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவைப் பொருத்தி எலியன் உருவாக்கிய மெர்காப்டோபியூரின், 1953-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

அதுவரை சில மாதங்களே வாழ்ந்த குழந்தைகள் இம்மருந்தால் நலம் பெற்றனர். ஆனால் பலருக்கு நோய் திரும்பியது. அது எலியனை வாட்டியது. ஆயினும் ஆய்வை அவர் நிறுத்தவில்லை. பிற மருந்துகளுடன் சேர்த்து அளிக்கும் முறை பின்னர் உருவானதும், பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடையும் நிலை வந்தது.

இதே ஆய்வு வழியில் பிறந்த அசாதயோபிரின், 1962-இல் உறவினரல்லாதவரின் சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தத் துணைபுரிந்தது. கௌட் மூட்டு நோய்க்கான அலோபியூரினால், ஹெர்பிஸ் வைரஸுக்கான அசைக்ளோவிர் ஆகியவையும் இவ்வழியில் வந்தவையே.

ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் 1988-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலியன், ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றதில்லை. பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கௌரவப் பட்டங்கள் வழங்கின. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி அவர் காலமானார். அவர் உருவாக்கிய மெர்காப்டோபியூரின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.