சீட் கொடுத்துவிட்டு நிறம் பார்த்து மறுத்த பள்ளி: விமான மெக்கானிக் கார்னீலியஸ் காஃபி யார்?

அமெரிக்காவில் விமான மெக்கானிக் சான்றிதழ் வேண்டும் என்றால் இன்று மூன்று எழுத்துத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். பொதுப் பாடம், ஏர்ஃபிரேம், பவர்பிளான்ட். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 சதவீதம். அதன்பிறகு வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு. நம்மூரில் ஏஎம்இ படிப்பவர்களைக் கேட்டால், இதெல்லாம் எவ்வளவு தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்வார்கள்.

கார்னீலியஸ் காஃபிக்கு தேர்வு ஒரு பிரச்னையே இல்லை. வகுப்பறைக்குள் நுழைவதுதான் பிரச்னை.

ஆர்கன்சா மாநிலத்தின் நியூபோர்ட்டில் பிறந்தவர் காஃபி. சிகாகோவில் கார் மெக்கானிக் வேலை. செவ்ரோலே கார் டீலரான எமில் மேக் என்பவரிடம் வேலை பார்த்தார். கூடவே ஒரு நண்பர், ஜான் ராபின்சன். அவரும் மெக்கானிக்தான். இருவருக்கும் ஒரே பைத்தியம்: விமானம்.

அமெரிக்காவில் மெக்கானிக்குகளுக்கு மத்திய அரசே உரிமம் கொடுக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. 1926-ல் சட்டம், 1927-ல் முதல் உரிமம். ஆக, துறையே புதுசு. ஆனால் பாகுபாடு பழசு.

கடிதத்தில் ‘வாங்க’, நேரில் ‘முடியாது’

1929-ல் இருவரும் சிகாகோவில் இருந்த கர்டிஸ்-ரைட் விமானப் பள்ளிக்கு விண்ணப்பித்தார்கள். தபாலில் சீட் கிடைத்தது. விண்ணப்பத்தில் தோலின் நிறம் தெரியாதே! நேரில் போய் நின்றதும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள், காரணம் அவ்வளவுதான்.

இங்கேதான் முதலாளி எமில் மேக் உள்ளே வருகிறார். சேர்க்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்று பள்ளியை எச்சரித்தார். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் தன் தொழிலாளிக்காக அந்தக் காலத்தில் இப்படி நின்றது சாதாரண விஷயம் இல்லை. பள்ளி இறங்கி வந்தது.

1931-ல் இருவரும் படிப்பை முடித்தார்கள். சும்மா பாஸ் இல்லை, நன்றாகவே செய்தார்கள். எந்த அளவுக்கு என்றால், கறுப்பின மாணவர்களுக்குத் தனி வகுப்பு தொடங்கும்போது அதே பள்ளி இவர்களையே பாடம் நடத்தக் கூப்பிட்டது. தனி வகுப்பு என்பதும் பாகுபாடுதான். ஆனாலும் இவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

விமானி, மெக்கானிக் என இரண்டு உரிமங்களையும் வைத்திருந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று காஃபி அறியப்படுகிறார்.

கோடையிலும் உறையும் கார்புரேட்டர்

இன்றும் மெக்கானிக் தேர்வில் வரும் ஒரு கேள்வியோடு காஃபிக்குத் தொடர்பு உண்டு. பழைய பிஸ்டன் என்ஜின்களில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடும். குறுகலான குழாயில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும், அதனாலும் குளிரும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி படியும். வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் இது நடக்கலாம். பனி அடைத்தால் என்ஜின் திணறும், சில நேரம் நின்றேவிடும். நடுவானில்!

தீர்வு எளிது: எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிச் சூடாகும் காற்றை கார்புரேட்டருக்குள் விட வேண்டும். குளிர்காலத்திலும் பறக்க உதவும் அப்படியொரு ஹீட்டரை உருவாக்கியவர் காஃபி. சிகாகோ குளிரைப் பார்த்தவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

சொந்தப் பள்ளி

நண்பர் ராபின்சன் 1935-ல் எத்தியோப்பியா போனார். இத்தாலி படையெடுத்தபோது அந்நாட்டின் சிறிய விமானப் படைக்குத் தலைமை தாங்கினார். அது தனிக்கதை. காஃபி சிகாகோவிலேயே இருந்தார்.

அவரோடு இணைந்தவர் வில்லா பிரவுன். பள்ளி ஆசிரியை. 1935-ல் மெக்கானிக் சான்றிதழ், 1938-ல் விமானி உரிமம். உண்மையில் இவருக்கே தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சிகாகோ அருகே ஹார்லெம் விமானத் தளத்தில் காஃபி விமானப் பள்ளியை நடத்தினார்கள். அரசின் சிவில் விமானி பயிற்சித் திட்டத்திலும் அந்தப் பள்ளி இடம்பிடித்தது. இங்கே பயின்ற பலர் பின்னாளில் டஸ்கீகி விமானப் படை வீரர்களானார்கள். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பின விமானிகள் இவர்கள்தான்.

போருக்குப் பிறகும் காஃபி கற்பிப்பதை விடவில்லை. சிகாகோவின் டன்பார் தொழிற்கல்விப் பள்ளியில் மாணவர்களுக்கு விமான மெக்கானிக் பாடம் எடுத்தார். 1994-ல் காலமானார்.

சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் இறங்கும் பாதையில் ஒரு வழிப்புள்ளிக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு அவர் பெயரை வைத்தது. வழிப்புள்ளிப் பெயருக்கு ஐந்து ஆங்கில எழுத்துதான் கணக்கு. காஃபி என்ற பெயரிலோ ஆறு. அதனால் ஒரு ‘எஃப்’பை எடுத்துவிட்டார்கள்.