மலேரியாப் புதிரை விடுவித்த ஹால்டேன்

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் பெயர்பெற்ற உடலியல் விஞ்ஞானி. சுரங்கங்களில் விஷவாயுவை ஆராயப் போகும்போது சிறுவனான மகனையும் கூட்டிச் செல்வார். தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கும் பழக்கம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அழுத்த அறைகளில் அடைபட்டு நடத்திய சோதனைகளில் அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது, செவிப்பறையும் கிழிந்தது.

இத்தனைக்கும் அவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரல்ல! ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்துத் தேறியவர். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில் காயமுற்று, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பணியாற்றினார். பரம்பரை இயலையும் டார்வினின் பரிணாமக் கொள்கையையும் கணிதத்தால் பிணைத்த மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். தலசீமியா என்ற இரத்தச் சோகை நோய் மருத்துவர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தை, அந்நாளில் பெரும்பாலும் வளர்ந்து ஆளாகாமலே இறந்துவிடும். குழந்தையோடு அந்த மரபணுவும் மண்ணுக்குள் போகிறது. அப்படியானால் சில தலைமுறைகளில் அது அருகிப்போயிருக்க வேண்டுமே! இத்தாலி, கிரீஸ் நாட்டினரிடையே மட்டும் அது ஏன் மலிந்து கிடக்கிறது? அவர்களிடம் அந்தப் பழுது புதிதுபுதிதாக உண்டாகிறது போலும் என்றனர் அமெரிக்க ஆய்வாளர் சிலர்.

ஹால்டேன் அதை ஏற்கவில்லை. 1948-ல் ஸ்டாக்ஹோம் மரபியல் மாநாட்டில் அவர் வேறொரு விளக்கம் தந்தார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர் நோயாளியல்லர். அவருடைய சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவை, அவ்வளவுதான். அந்த அணுக்களில் மலேரியாக் கிருமி எளிதில் தழைக்க முடியாமல் இருக்கலாம். மலேரியா கொள்ளை கொண்டுபோகும் சீமையில் இவர்கள் பிழைப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். மரபணுவும் நிலைத்துவிடும். ஒரு குழந்தையைக் கொல்வதே அதன் உறவினர் பலரைக் காக்கிறது என்பது கொடுமையான கணக்குதான். ஆனால் கணக்கு சரியாக வந்தது.

1949-ல் எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் மேலே போனார். ஒருவருக்கொருவர் இரத்தத்தில், உடலின் இரசாயனத்தில் உள்ள வேறுபாடே மனித குலத்துக்கு ஒரு கவசம் என்பது அவர் கருத்து. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களானால் ஒரே கிருமி எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விடும் அல்லவா? உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்று பேசிய நாஜிகளை முன்பே எதிர்த்து எழுதியவர் அவர்.

அவர் ஊகத்துக்கு வலுவான ஆதாரம் வேறொரு இரத்த நோயிலிருந்து வந்தது. சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாளணுச் சோகையின் மரபணு ஒன்றை மட்டும் கொண்ட குழந்தைகளை மலேரியா அவ்வளவாக வாட்டுவதில்லை என்று, 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டனி ஆலிசன் காட்டினார். இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1952-ல், நீலகிரி மலைவாழ் மக்களிடையே அந்த அரிவாளணு கண்டறியப்பட்டிருந்தது. இது முழுக் காப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரபணு உள்ளவருக்கும் கொசுவலை வேண்டியதுதான்.

சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்துத் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்ட ஹால்டேன், 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்தார். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். கதர் உடுத்தினார், புலாலை விட்டார், 1961-ல் இந்தியக் குடிமகனானார். கழகத்துடன் கருத்து வேற்றுமை ஏற்படவே விலகி, 1962-ல் புவனேசுவரத்தில் குடியேறி, ஒரிஸ்ஸா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

ஒடிசா என இன்று வழங்கும் அந்த மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் அரிவாளணுச் சோகை இன்றும் மிகுதி. மணமக்கள் இருவருக்கும் அந்த மரபணு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தலசீமியாவுக்கும் இதே கணக்குதான். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அரிவாளணுச் சோகையை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023-ல் ஓர் இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க முற்பட்டது.

1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் ஹால்டேன் புற்றுநோயால் காலமானார். உயிரோடிருந்தபோது சோதனைக்குத் தந்த உடம்பு, அவர் விருப்பப்படியே ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் பயில்வதற்காக அனுப்பப்பட்டது.