மின்கலம் தந்த மேதை வோல்டா



பொழுது புலருமுன் கடலுக்குப் புறப்படும் மீனவரை நீங்கள் கண்டதுண்டா? சிறு படகில் ஏறியதும் அவர் வலையைத் தொடுவதில்லை. படகின் ஓரத்திலுள்ள ஒரு பெட்டியைத் திறக்கின்றார். அதனுள் இருப்பது மின்கலம். பேட்டரி என்று நாம் அன்றாடம் வழங்குவது அதனைத்தான். அதன் இரு முனைகளிலும் பூட்டப்பெற்றுள்ள கம்பிகளைக் கையால் அசைத்துப் பார்க்கின்றார். அவை அசையாமல் உறுதியாக இருப்பதைக் கண்ட பிறகே வலையை எடுத்து வைக்கின்றார்.

விரலளவே உள்ள அந்த இணைப்பு தளர்ந்துவிட்டால், நடுக்கடலில் இயந்திரம் ஓடாது, விளக்கும் எரியாது. கரையிலிருப்போர் கண்ணுக்கும் படகு தென்படாது. ஓர் உயிரே அந்தச் சிறு இணைப்பை நம்பியிருக்கின்றது. இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தை உலகிலேயே மிகக் கூர்ந்து நோக்கிய அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே அலெசாண்ட்ரோ வோல்டா.

இளமைப் பருவம்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மலைகள் சூழ்ந்த அழகிய ஏரியின் கரையில் கோமோ என்னும் நகரம் அமைந்துள்ளது. அங்கே 1745ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வோல்டா பிறந்தார். நான்கு வயதுவரை அவர் சரியாகப் பேசவில்லை. பிள்ளை ஊமையோ என்று வீட்டார் கலங்கினர். ஆனால், பேசத் தொடங்கிய பிறகோ கல்வியில் மற்றப் பிள்ளைகளை எளிதில் முந்திவிட்டார். ஏறத்தாழ ஏழு வயதிருக்கும்போது தந்தையை இழந்தார். உறவினர் ஆதரவில் பள்ளிப்படிப்பைத் தொடர்ந்தார்.

மொழிகளைக் கற்பதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. அதனினும் மிகுதியான ஆர்வம் மின்சாரத்தின்பால் இருந்தது. அக்காலத்தில் மின்சாரம் என்பது கண்ணாடியையோ பிசினையோ தேய்த்து எழுப்பும் ஒரு பொறி; தோன்றியவுடன் மறைந்துவிடும். அதனைக் கொண்டு வேடிக்கை காட்டலாமேயன்றி வேலை வாங்க இயலாது. அந்தப் பொறியை நிலைத்து ஓடும் ஆறாக மாற்றியதே வோல்டாவின் வாழ்நாட் சாதனையாகும்.

1774ஆம் ஆண்டில் அவர் கோமோ நகரின் அரசுப் பள்ளியில் பணியேற்றார். பின்னர் பாவியா பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகி, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

ஏரியில் ஒரு சிறு படகு

1776ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வோல்டா மஜோரே ஏரியில் ஒரு படகில் சென்றார். அங்கேரா என்னும் ஊருக்கு அருகே, நாணல் அடர்ந்த சேற்றுப் பகுதியில் ஒரு கோலை விட்டுக் கிளறினார். சேற்றிலிருந்து குமிழ்கள் மேலெழுந்தன. வேறொருவராயின் அவற்றைக் கண்டும் காணாதவராய்ச் சென்றிருப்பார். வோல்டாவோ நீர் நிரம்பிய குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அக்குமிழ்களைச் சேகரித்தார். தீயைக் காட்டியபோது அந்த வாயு நீலநிறச் சுடருடன் எரிந்தது. இன்று நாம் மீத்தேன் என்று அழைக்கும் வாயு அதுவே.

சிறியதென எதனையும் ஒதுக்காத இந்தக் குணமே பின்னாளில் அவரைப் பெருங்கண்டுபிடிப்புக்கு அழைத்துச் சென்றது.

தவளைக்கால் எழுப்பிய வினா

போலோஞா நகரில் லூயிகி கால்வானி என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் வாழ்ந்தார். இறந்த தவளையின் கால்களை உலோகக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தபோது, அக்கொக்கி இரும்பைத் தொட்டவுடன் கால்கள் துடித்ததை அவர் கண்டார். விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் தங்கியிருக்கின்றது என்று முடிவு செய்து, 1791ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார்.

வோல்டா அதனை வியந்து போற்றினார். ஆயினும், தாமே செய்து பார்க்காமல் எதனையும் ஏற்பது அவர் வழக்கமன்று. பலமுறை சோதித்தார். ஒரே வகை உலோகத்தால் தொட்டபோது துடிப்பு குறைவாக இருந்தது. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபோது மிகுதியாக இருந்தது. மின்சாரம் பிறப்பது தவளையிலா, உலோகங்கள் சந்திக்கும் இடத்திலா என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

தம் நாவின்மீதே தகரத் தகட்டையும் வெள்ளி நாணயத்தையும் வைத்து இரண்டையும் இணைத்துப் பார்த்தார். ஒரு புளிப்புச் சுவை தோன்றியது. இணைப்பை விலக்கினால் சுவையும் மறைந்தது. அங்கே தவளை இல்லை. இரு உலோகங்களும், இடையே ஈரமுமே இருந்தன.

இரு அறிஞர்களுக்கும் இடையே எழுந்த இவ்விவாதம் ஐரோப்பா முழுவதும் பரவியது. கருத்தில் மாறுபட்டபோதும் வோல்டா கால்வானியின் ஆய்வை மதித்தே வந்தார். கால்வானி 1798ஆம் ஆண்டில் காலமானார். பிற்கால அறிவியல் இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்று கண்டது. உயிரினங்களின் நரம்புகளில் மின்னோட்டம் இருப்பது மெய். இரு உலோகங்களால் மின்சாரம் பெறலாம் என்பதும் மெய்.

அடுக்கு உயர்ந்தது

ஓர் இணை உலோகம் தரும் மின்சாரம் மிகச் சிறிது. எனவே பல இணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வோல்டா முற்பட்டார். ஒரு வெள்ளி வில்லை, ஒரு துத்தநாக வில்லை, உப்புநீரில் நனைத்த ஓர் அட்டை. மீண்டும் அதே வரிசை. இவ்வாறு 30, 40, 60 என்று இணைகளைப் பெருக்கினார். அடுக்கு சரிந்துவிடாதபடி சுற்றிலும் செங்குத்தான கம்பிகளை நட்டு நிறுத்தினார்.

தொல்லைகள் பல தோன்றின. மேலுள்ள வில்லைகளின் பாரத்தால் கீழுள்ள அட்டைகளின் உப்புநீர் பிதுங்கி வெளியே வழிந்தது, மின்சாரம் குன்றியது. இதற்கு மற்றொரு வழியும் கண்டார். உப்புநீர்க் கிண்ணங்களை வட்டமாக வைத்து, அவற்றை உலோக வளைவுகளால் ஒன்றோடொன்று இணைத்தார். ஒரே ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் அத்தனை கிண்ணங்களும் வாளாவிருந்தன.

இன்னோர் உண்மையையும் அவர் குறித்து வைத்தார். உலர்ந்த விரல்நுனியால் அடுக்கின் முனையைத் தொட்டபோது அதிர்ச்சி சிறிதாக இருந்தது. கையை நன்கு நனைத்து, அகன்ற உலோகத் துண்டை இறுகப் பற்றிக்கொண்டு தொட்டபோது அதிர்ச்சி பெரிதாக இருந்தது. அடுக்கு அதுவே, மின்சாரமும் அதுவே. மாறியது இணைப்பு மட்டுமே! மின்சாரத்தைப் படைப்பது ஒரு கலை என்றால், அதனைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டு சேர்ப்பது மற்றொரு கலை என்பதை வோல்டா அன்றே உணர்ந்தார்.

1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், இலண்டன் அரச கழகத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் பேங்க்சுக்கு நீண்டதொரு மடல் எழுதித் தம் கண்டுபிடிப்பை வோல்டா விளக்கினார். அவ்வாண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் இத்தகைய அடுக்கைக் கொண்டு நீரை இரு வாயுக்களாகப் பிரித்தனர். 1801ஆம் ஆண்டில் வோல்டா பாரிஸ் மாநகரில் நெப்போலியன் முன்னிலையில் சோதனைகளைச் செய்து காட்டிப் பொற்பதக்கம் பெற்றார். 1810ஆம் ஆண்டில் பிரபுப் பட்டமும் அவரை வந்தடைந்தது.

இறுதிக் காலம்

புகழின் உச்சியிலும் துயரம் அவரை விடவில்லை. 1814ஆம் ஆண்டில் தம் மகன் பிளமினியோவை இளம்வயதிலேயே இழந்து வருந்தினார். 1819ஆம் ஆண்டில் ஓய்வுபெற்று, கோமோவுக்கு அருகிலுள்ள கம்னாகோ என்னும் சிற்றூரில் அமைதியாக வாழ்ந்தார். 1827ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், தம் 82ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1838ஆம் ஆண்டில், யாக்கோபி என்னும் அறிஞர் இரஷ்ய நாட்டின் நேவா ஆற்றில் மின்கலங்களால் இயங்கும் படகொன்றை ஓட்டிக் காட்டினார். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாண்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய மின்கலத்தை அமைத்தார். 1881ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய மின்னியலார் மாநாடு, மின்னழுத்தத்தை அளக்கும் அலகுக்கு வோல்ட் என்று வோல்டாவின் பெயரையே சூட்டியது. படகு மின்கலத்தின்மேல் 12 வோல்ட் என்று பொறித்திருப்பதைக் காணும்போதெல்லாம் நாம் அப்பெருமகனாரின் பெயரையே படிக்கின்றோம்.

1899ஆம் ஆண்டில், மின்கலம் தோன்றிய நூற்றாண்டு விழாவைக் கோமோ நகரத்தார் பெருங்கண்காட்சி வைத்துக் கொண்டாடினர். அந்தோ! அக்கண்காட்சியில் தீப்பற்றி, வோல்டா தம் கையால் செய்த கருவிகள் பலவும் எரிந்துபோயின. மின்கம்பிகளில் ஏற்பட்ட கோளாறே அத்தீக்குக் காரணம் என்பர். இணைப்பின் அருமையை உலகுக்கு உணர்த்தியவரின் கருவிகளுக்கே அந்நிலை நேர்ந்தது. எஞ்சிய கருவிகள் இன்று கோமோ ஏரிக்கரையில் எழுந்துள்ள வோல்டா நினைவகத்தில் வைத்துப் பாதுகாக்கப்படுகின்றன.

மீண்டும் படகுக்கு வருவோம்

மாணவமணிகளே! வோல்டாவின் அடுக்கில் இருந்தவை எவை? இருவேறு உலோகங்களும் இடையே உப்புநீரும். படகிலுள்ள மின்கலத்தின் முனை ஈயத்தால் ஆனது; அதில் பூட்டும் கம்பி செம்பால் ஆனது; சுற்றிலும் தெறிப்பதோ கடல்நீர். ஆகவே, அந்த இணைப்பில் நாம் வேண்டாமலேயே ஒரு சிறு வோல்டா அடுக்கு உருவாகிவிடுகின்றது! உலோகங்களின் தொடுகை ஒன்றே மின்சாரத்துக்குக் காரணம் என்று வோல்டா கருதினார். உலோகம் வேதியல் மாற்றம் அடைந்து கரைவதாலேயே ஆற்றல் கிடைக்கின்றது என்பதைப் பின்வந்தோர் மெய்ப்பித்தனர். படகு இணைப்பிலும் அவ்வாறே உலோகம் அரிக்கப்படுகின்றது. பச்சையாகவும் வெண்மையாகவும் களிம்பு படிகின்றது. களிம்பு படிந்த இடத்தில் மின்சாரம் தடைப்படுகின்றது. இயந்திரத்தைத் தொடக்கும்போது மிகுதியான மின்சாரம் தேவைப்படும்; தளர்ந்த இணைப்பிலோ அது வெப்பமாக மாறி வீணாகின்றது.

அறிவுடைய மீனவர் இதற்கு இடங்கொடுப்பதில்லை. முதலில் எல்லா விளக்குகளையும் கருவிகளையும் நிறுத்துகின்றார். மின்கலத்திலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படும் ஆதலால் அருகில் நெருப்பை அண்டவிடுவதில்லை. எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனைக் கம்பியைப் பிறகும் கழற்றுகின்றார். உலோகம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்கின்றார். மீண்டும் பூட்டும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்டுகின்றார். அலையின் அதிர்ச்சியால் திருகாணி தளராதிருக்க ஸ்பிரிங் வாஷர் இட்டு, ஸ்பேனரால் அளவறிந்து முறுக்குகின்றார். ஈயம் மென்மையானது, மிகையாக முறுக்கினால் முனை சிதைந்துவிடும். பூட்டிய பிறகு உப்புநீர் அணுகாதபடி மேலே வாசலின் தடவுகின்றார். நேர்முனைக்கு இரப்பர் மூடி இடுகின்றார். இறுதியாக, மின்கலம் நகராதபடி வாரினால் பெட்டியோடு இறுகக் கட்டுகின்றார். இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டிய பணிகள். நீங்கள் அருகிலிருந்து கவனித்துக் கற்றுக்கொள்ளலாம்.

பேச்சு வரத் தாமதித்த ஒரு பிள்ளை, சேற்றில் எழுந்த குமிழையும் நாவில் தோன்றிய புளிப்பையும் புறக்கணியாமல் ஆராய்ந்து, உலகுக்கே ஒளி தரும் வழியைக் கண்டார். என்னே அவர்தம் கூர்நோக்கு! நாமும் சிறு பணியையும் செம்மையாகச் செய்யப் பழகுவோமாக. ஓர் இணைப்பை இறுகப் பூட்டியதால், கடலுக்குச் சென்ற தந்தை மாலையில் வீடு திரும்புகின்றார். இதனினும் சிறந்த பயன் ஒரு சிறு பணிக்கு வேறென்ன வேண்டும்?