எதைப் போட்டாலும் ஓடும் இன்ஜின் கேட்டார் ருடால்ஃப் டீசல்... பழைய டீசல் காருக்கு ஏன் டேங்க்கைக் கழுவணும்?

பல மாதம் ஓரங்கட்டி வைத்த பழைய டீசல் கார். ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரம் போனதும் இழுவை இல்லாம நின்னுடுது. ஃபில்டரைக் கழட்டினா கறுப்புக் கசடு, கூடவே தண்ணீர். டேங்க்கையே இறக்கிக் கழுவணும் என்கிறார் மெக்கானிக். ஃபில்டரை மட்டும் மாத்தினா போதாதா? போதாது. காரணம், அந்த இன்ஜினுக்குப் பெயர் கொடுத்தவரின் அடிப்படை ஐடியாவிலேயே இருக்கு.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். 1870-ல் பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதியபோது குடும்பம் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. 12 வயது ருடால்ஃப், ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார்.

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர், குளிர்பதனத் துறையின் முன்னோடி கார்ல் வான் லிண்டே. நீராவி இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குது என்று வகுப்பில் கேட்ட விஷயம், ருடால்ஃபை விடவே இல்லை.

ஐடியா என்ன?

காற்றை அழுத்தினால் சூடாகும், சைக்கிள் பம்ப் அடிக்கும்போது தெரியும் இல்லையா, அதேதான். மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டில் எரிபொருளைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. 1893-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் அழுத்தத்தை அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. 1897-ல் நடந்த சோதனையில் இன்ஜினின் திறன் 26 சதவீதம். நீராவி இன்ஜின்கள் அப்போது 10 சதவீதத்தைச் சுற்றியே இருந்தன.

எதை வேணா எரிக்கலாமா?

அதுதான் அவர் கனவு. நிலக்கரித் தூளைக்கூட எரிக்க நினைத்தார். தூளும் சாம்பலும் சிலிண்டரைத் தேய்த்ததால் அது கைகூடவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது.

ஆனா நடைமுறை வேற. ஆரம்பத்தில் விற்ற இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் செய்தன, புகார்கள் குவிந்தன. 1898-ல் மனச்சோர்வால் அவர் சிகிச்சைக்குப் போனார். சம்பாதித்த பணம் தவறான முதலீடுகளில் கரைந்து, கடன் ஏறியது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், காலையில் அறையில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருட்கள் அப்பாவுடையவை என மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

டேங்க்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ருடால்ஃப் காலத்து இன்ஜின், எரிபொருளை ஊதித் தள்ள ஒரு கம்ப்ரஸரையும் சுமந்தது. காருக்கு அது ரொம்பப் பெரிசு. 1927-ல் பாஷ் நிறுவனம் உயர் அழுத்த பம்ப்பைத் தயாரித்த பிறகுதான் வழி திறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி வந்தது. ஸ்பார்க் இல்லாததால் எரிபொருள் பனிபோல நுண்துளிகளாக விழணும். அதனால் பம்ப், நாசில் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், முடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. பம்ப்புக்கு வழவழப்பு தருவதும் பெரும்பாலும் டீசலேதான். தண்ணீர் புகுந்தா துரு, தேய்மானம். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிரிகள் வளர்ந்து வழவழவென்று கசடாகும்.

அப்போ என்ன செய்யணும்?

புது ஃபில்டர் போட்டாலும் டேங்க்கில் மிச்சமுள்ள கசடு அதையும் அடைக்கும். அதனால்:

* பழைய டீசலை முழுசா வடிக்கணும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.
* டேங்க்கை இறக்கிக் கழுவி, உள்ளே ஈரமே இல்லாமல் காயவைக்கணும். துரு அரித்திருந்தா மாற்றுவதே நல்லது.
* டியூப்களைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, லைனில் உள்ள காற்றை வெளியேற்றணும்.
* வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க்கை நிரப்பி வைத்தால், உள்ளே ஈரம் படிவது குறையும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட்டா, டேங்க் செலவோடு முடியாது. பம்ப்பும் நாசிலும் சேர்ந்து போகும். அந்த பில் பல மடங்கு பெரிசு.