ஆல்பிரட் வில்ம்

விமானங்களுக்கு உடல் தந்த துராலுமினைக் கண்டவர் ஆல்பிரட் வில்ம். 1869-இல் ஜெர்மனியின் சைலீசியாவில் பிறந்தார். எஃகைப் போல அலுமினியத்தையும் சூடேற்றி நீரில் தோய்த்தால் கடினமாகும் என நம்பினார், ஆகவில்லை. 1906-இல் ஒரு சனிக்கிழமை, செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த துண்டை அவ்வாறே குளிர்வித்து அளந்தனர். திங்களன்று மீண்டும் அளந்தால், கடினம் ஏறியிருந்தது! நாமாயின் சனிக்கிழமை அளவையே ரெக்கார்டில் எழுதிவிட்டு வீடு சென்றிருப்போம்.

காரணம் தேடி நுண்ணோக்கியில் பார்த்தார். மாற்றம் எதுவும் தெரியவில்லை. பின்னர் ஆராய்ச்சியை விட்டு விவசாயத்தில் இறங்கி, 1937-இல் மறைந்தார். மறு ஆண்டே கினியே, பிரெஸ்டன் இருவரும் தனித்தனியே எக்ஸ் கதிர் கொண்டு, அலுமினியத்தினுள் செம்பணுக்கள் மெல்லிய தகடுகளாகத் திரண்டிருப்பதைக் கண்டனர். நுண்ணோக்கிக்கு எட்டாதவை அவை. சூடு மிகுந்தால் நிலைகுலைபவை.