இலக்கணம் கற்ற கவிஞர் செங்கோர்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில், ஜோவால் என்னும் கடற்கரையூரில் 1906-இல் பிறந்தவர் லெயோபோல் செதார் செங்கோர். செரேர் அவர்தம் தாய்மொழி. பிரெஞ்சு, பாதிரிமார் பள்ளியில் கற்ற மொழி.

1928-இல் பாரிசு சென்ற அவர், சோர்போனில் பயின்றார். போதலேரின் கவிதைகளை ஆராய்ந்து ஏடு அளித்தார். 1935-இல், ஆசிரியப் பணிக்குரிய மிகக் கடிய தேர்வில் இலக்கணப் பிரிவில் தேறிய முதல் ஆப்பிரிக்கரானார். தூர் நகரில் பிரெஞ்சு மாணவர்க்கே மொழியாசிரியராய் அமர்ந்தார்.

ஆள்வோர் மொழியில் இத்துணை ஆழ்ந்தவர் தம் வேரை மறந்தாரல்லர். ஆப்பிரிக்க மொழியியல் பயின்று, செரேர், ஒலோஃப் இலக்கணங்களை ஆராய்ந்தார். மார்த்தினிக் தீவின் எமே செசேரோடு இணைந்து, கறுப்பின மாண்பை முழங்கிய நெக்ரித்யூத் இயக்கத்தை வளர்த்தார். 1948-இல் அவர் தொகுத்த கறுப்பினக் கவிஞர் நூலுக்குச் சார்த்தர் முன்னுரை வழங்கினார்.

1960-இல் செனகலின் முதல் குடியரசுத் தலைவரானார். 1974-இல் சென்னை வந்து, ஆப்பிரிக்க, திராவிடப் பண்பாட்டு உறவு பற்றி உரையாற்றினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் பின்னர்த் தமிழறிஞர் க. ப. அறவாணன் பணியாற்றினார்.

எனினும் பிரெஞ்சே ஆட்சிமொழியாய் நீடித்தது. செம்பேன் இயக்கிய 'செட்டோ' திரைப்படத்தை, தலைப்பில் ஓரெழுத்து இரட்டித்ததைக் காரணங்காட்டி அவரது அரசு தடுத்தது. கவிஞரை உருவாக்கிய அதே இலக்கணம், ஆட்சியாளர் கையில் வேலியாயிற்று.

1980-இன் இறுதியில் பதவியைத் தாமே துறந்தார். 1983-இல் பிரெஞ்சுக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 2001-இல் நார்மண்டியில் மறைந்தார். அயல்மொழியைக் கற்பது அடிமைத்தனமன்று; கற்றதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா. அவ்வினாவுக்கு அவர் வாழ்வு இருவிடைகளையும் தருகிறது.